அடுத்த ஈடு

வாங்க வாங்க. செருப்ப உள்ளயே விட்டுருங்க. வெளிய விட்டா நாய் தூக்கிட்டுப் போயிரும். முன்ன ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரரு இங்கிருந்து ஒத்தச் செருப்போடதான் பஸ் ஏறுனாரு. அந்த எடம் தட்டிப் போனதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கும்.

நீங்க பையனுக்குத் தாய்மாமன்தானுங்களே? தரகர் கந்தப்பன் போன்ல சொன்னாருங்க. மொதல்ல நீங்க மட்டும் ஒருக்கா வந்து வீடு வாசலப் பாத்துட்டுப் போவீங்க, அப்பறமா குடும்பத்தோட பொண்ணு பாக்க வருவாங்கன்னாரு. நல்லதுங்க, அதான் முறை. நான் ஆறுச்சாமி. மில்லுல ஃபிட்டரா இருந்து ரிட்டேர் ஆனவன்.

ஹால்ல வேண்டாமுங்க. அந்த ஸ்டூல எடுத்து இப்பிடி சமையக்கட்டு வாசல்ல போட்டுக்குங்க. பஜ்ஜிக்கு சட்டியும் வாயும் பக்கத்துல இருக்கோணும். ஹாலுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அதுக்குப் பாதி உசுரு போயிருது.

பொண்ணுங்களா? சொல்றனுங்க. மொதல்ல உக்காருங்க, எண்ணெய் காயட்டும்.

இன்னிக்கு வாழைக்காய், வெங்காயம், கொஞ்சம் உருளைக்கிழங்கு. பஜ்ஜி மொளகாயும் கெடக்குது. நீங்க காரம் திங்கறவரா என்னன்னு தெரியாததால அதை ஓரமா வெச்சிருக்கறேன். வாழைக்காய நீளவாக்குல சீவணுமுங்க. சீவுனதுக்கு அந்தப்பக்கம் பேப்பர் படிக்கற மாதிரி சீவறது ஹோட்டல்காரன் கஞ்சத்தனம். கனமாச் சீவுனா உள்ள வேகாது. சீவுனத உப்புத் தண்ணியில போட்டுருங்க, கறுக்காது. மாவுல முக்கறதுக்கு முன்னாடி துணியில ஒத்தி எடுத்துக்கணும். ஈரத்தோட போட்டா மாவு நிக்காது, சட்டையக் கழட்டுன மாதிரி தனியா வந்துரும்.

மாவு சாதாரணந்தானுங்க. கடலை மாவு, அதுக்குக் கொஞ்சம் அரிசி மாவு, மொளகாத்தூளு, பெருங்காயம், உப்பு. ஓமத்த உள்ளங்கையில வெச்சுக் கசக்கிப் போடணும். கடைசில காஞ்ச எண்ணெய் ஒரு கரண்டி மாவுல ஊத்துங்க. சொய்ங்குது பாருங்க, அதுலதான் மொறுமொறுப்பே இருக்குது. சோடா உப்புப் போடறதில்லீங்க. சோடா போட்டா பெருசா உப்பி நிக்கும், உள்ள பாத்தா எண்ணெயக் குடிச்சுட்டு காலியா இருக்கும். நான் பாத்த மாப்பிள்ளைகள்ல பாதிப்பேரு அப்பிடித்தான். உங்க அக்கா பையனச் சொல்லலீங்க, இன்னும் நான் பாக்கலையே.

இந்தாங்க, மொத ஈடு. ஊதிச் சாப்பிடுங்க. சட்னி அந்தக் கிண்ணத்துல. நல்லா முக்குங்க, தாட்சணியம் பாக்காதீங்க.

நான் பகல்ல மில்லுக்குப் போயிட்டு நைட் ஸ்கூல்ல பத்தாவது பாஸ் பண்ணுனவனுங்க. அங்க சயின்ஸ் பாடத்துல பாதி கிளாஸ் தூங்கும். வாத்தியாரும் அப்பப்ப எங்களோட சேந்துக்குவாரு. நான் முழிச்சிருந்ததால சொல்றேன், எண்ணெயில குமிழி வருது பாருங்க, அது எண்ணெய் கொதிக்கறதில்லீங்க. காய்ல இருக்கற தண்ணி வெளிய போவுது. அந்தக் குமிழி அடங்கற வரைக்கும் பொறுத்தா மொறுமொறுன்னு இருக்கும். அவசரப்பட்டு எடுத்தா தட்டுல போட்டதுமே நமத்துரும். பொறுமைதானுங்க. எம்பொண்ணு விசயத்துலயும் நான் அப்பிடித்தான் இருந்தேன். வந்தவங்கதான் பொறுமையில்லாதவங்க.

பேரு தாரணிங்க. ஜாதகத்துல பாத்திருப்பீங்களே. காலேஜ் முடிக்கற சமயத்துல அவங்கம்மா ரங்கநாயகி போய்ச் சேந்துட்டா. அதுக்கப்பறம்தான் பொண்ணு பாக்க வர ஆரம்பிச்சாங்க. மொத தடவ வர்றாங்கன்னதும் பக்கத்து வீட்டம்மா கடையில வாங்கிக்கலாமுன்னு சொல்லுச்சு. பொண்ணு பாக்க வர்றவங்களுக்குக் கடை பஜ்ஜியான்னு எனக்கு மனசு கேக்கல. நானே எண்ணெய் வெச்சேன். ஊருக்கெல்லாம் எம்பொண்ணு போட்டதுன்னுதான் சொல்றது, அதுவும் ஒரு முறைதானுங்களே. அதுல பாதிதான் பொய்யி. சட்னி அவ அரைச்சது.

அதுக்குன்னு ஒரு ஏற்பாடு வெச்சிருந்தோம். நான் அடுப்புக்கிட்ட, அவ தட்டோட. ஒரு ஈடு எறங்குனதும், "அம்மிணி, அடுத்த ஈடு!"ம்பேன். வந்து வாங்கிட்டு ஹாலுக்குப் போவா, வெச்சுட்டுத் திரும்புவா, அதுக்குள்ள அடுத்தது வெந்துருக்கும். மில்லுல லைன் நிக்கக் கூடாதுங்க. ஒரு மிஷின் நின்னா டிபார்ட்மெண்டே நிக்கும். அதே மாதிரிதான் இங்கயும். இந்த வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தவங்க ஒருத்தரு வாய்லகூட ஆறுன பஜ்ஜி போனதில்லீங்க. தெருவுல யாரை வேணுமின்னாலும் கேட்டுப் பாருங்க.

ஆனாப் பாருங்க, நல்லதுக்குக் காலமில்ல. ஒரு பையன் வந்தான், கம்ப்யூட்டர் படிச்சவன். பொண்ணுகிட்டத் தனியாப் பேசலாங்களான்னு கேட்டான். தாராளமாப் பேசுங்கன்னேன். மொட்டை மாடிக்குப் போனாங்க. நான் என்ன தடுத்தனா? அவங்க போறப்பத்தான் வாழைக்காய எண்ணெயில போட்டேன். வெந்துருச்சு. படிக்கட்டு கிட்ட நின்னு "அம்மிணி, அடுத்த ஈடு"ன்னேன். எறங்கி வந்தா. பின்னாலயே அவனும் வந்தான். பேசியாச்சுங்களான்னு மரியாதையாக் கேட்டேன். "படியேறுனோமுங்க"ன்னான். அது என்ன பதிலுங்க? ஊருக்குப் போய் அவங்கம்மா தரகருகிட்டச் சொல்லியிருக்குது, பொண்ணு ஓடிக்கிட்டே இருந்துது, மொகத்தையே சரியாப் பாக்க முடியலைன்னு. நான் கந்தப்பனக் கேட்டேன், ஏய்யா, சூடாத் தட்டுல போடப் போட உள்ள தள்ளிட்டு இருந்தாங்களே, அவங்க பஜ்ஜி திங்க வந்தாங்களா மொகம் பாக்க வந்தாங்களான்னு. அவரு ஜாதகப் பையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டாரு. பாவம், அவருக்கு ஏறி எறங்க எத்தன வீடு இருக்குது.

இன்னொரு அம்மா வந்து, பொண்ணு வாயே தொறக்கலையேன்னுச்சு. அதைச் சொல்றப்ப அந்தம்மா வாய்ல ரெண்டு வெங்காய பஜ்ஜி.

இப்பிடியே போச்சுங்க வருசம். என்ன கொறைன்னு நானும் ரோசனை பண்ணிப் பண்ணி ஒவ்வொண்ணாச் சரி பண்ணுனேன். அரிசி மாவக் கூட்டுனேன். எண்ணெய மாத்துனேன். கனமான சட்டி ஒண்ணு வாங்குனேன், சூடு ஒரே மாதிரி நிக்கட்டுமின்னு. ஒரு தகப்பனா என்ன பண்ண முடியுமோ அவ்வளவும் பண்ணுனனுங்க.

இருங்க, உருளைக்கிழங்கத் திருப்பிப் போட்டர்றேன்.

ஒரே ஒருத்தன்தான் என்னைய அவமானப்படுத்துனவன். பேரு நந்தகுமார். இங்க கணபதிங்கற ஏரியாவுல மோட்டார் காயில் கட்டற கடை வெச்சிருந்தான். அக்காளையும் மச்சானையும் மட்டும் கூட்டிக்கிட்டு வந்தான். ஆளு பரவால்லீங்க, நல்ல ஒசரம். குரல் மட்டும் தொண்டை கட்டுன மாதிரி கரகரன்னு. சளிங்களான்னு கேட்டேன், பொறந்ததுல இருந்தே இப்பிடித்தானுங்கன்னான். சரி, குரல வெச்சு என்ன பண்ணப் போறோம்னு நானும் உள்ள வந்து எண்ணெய் வெச்சேன்.

மொத ஈடு போச்சு. ரெண்டாவது போச்சு. அவன் தட்டு மட்டும் வெச்சது வெச்சபடி இருக்குதுப்பான்னு தாரணி சொன்னா. போவட்டும், கூச்சம்னு நெனச்சேன். மூணாவது ஈட்ட எடுத்துட்டுப் போனாளுங்க, போனவ திரும்பி வரல. "அம்மிணி, அடுத்த ஈடு"ன்னேன். வரல. இன்னொருக்காக் கூப்புட்டேன். சட்டியில வாழைக்காய் செவந்துட்டு இருக்குது. அங்க பேச்சுச் சத்தம். அந்தக் கரகரக் குரல்ல அவன் கேக்கறான், "நீங்க சாப்ட்டீங்களா?"

எம்பொண்ண! பொண்ணு பாக்க வந்த எடத்துல! இவ என்ன சொன்னான்னு கேக்கல. "உக்காருங்க, ஒண்ணு எடுத்துக்குங்க"ங்கறான். அவன் தட்டையே இவ பக்கம் நகத்தியிருக்கறான். இவ உக்காந்துட்டாளுங்க. ஹால்ல, நாற்காலியில. அங்க மொறுக்குன்னு கடிக்கறது இங்க கேக்குது. அப்பறம் என்னமோ சொன்னான், இவ சிரிச்சா. அவங்கம்மா போனப்பறம் இந்த வீட்டுல அந்தச் சத்தம் கேக்கவேயில்லீங்க. நான் கரண்டியக் கையில புடிச்சுக்கிட்டு அப்பிடியே நின்னுட்டேன்.

அந்த ஈடு கருகிப் போச்சுங்க. எம்பொழப்புல நான் கருக விட்டது அது ஒண்ணுதான்.

கரண்டியோடயே ஹாலுக்குப் போய், "அம்மிணி, எண்ணெய் காயுது"ன்னேன். எந்திரிச்சுட்டா. வெடுக்குன்னு மொகம் பழையபடி ஆயிருச்சு. அவன் என்னையப் பாத்து, "நீங்களும் வந்து உக்காருங்க மாமா, சேந்து சாப்பிடலாம்"ங்கறான். மாமாவாம். இன்னும் பேச்சுவார்த்தையே முடியல. எண்ணெய அப்பிடி விட்டுட்டு வர முடியாதுங்கன்னு சொல்லிட்டு உள்ள வந்துட்டேன்.

அன்னிக்குப் பொழுதோடவே கந்தப்பன் போன் பண்ணுனாரு. அவங்களுக்குப் பரிபூரண சம்மதம், உங்க முடிவு என்னன்னு. சரிவராதுன்னுட்டேன். நம்ம வீட்டுல வெச்சத் தொடாதவன், நாளைக்கு நம்ம பொண்ண எப்பிடி மதிப்பான்? நீங்களே சொல்லுங்க. இவ பாத்திரம் தேச்சுக்கிட்டு இருந்தவ தேய்க்கறத நிறுத்திட்டு, "ஏன்ப்பா சரிவராது?"ன்னா. பஜ்ஜியத் தொடலையே அம்மிணின்னேன். தேச்ச பாத்திரத்தக் கவுத்து வெச்சுட்டு, "அவருக்கு வயித்துல புண்ணுப்பா. எண்ணெய் ஆகாதாம்"னா. உனக்கு எப்பிடித் தெரியும்னேன். "கேட்டேன்"னா. வயித்துல கோளாறு இருக்கறவன் எதுக்கு ஊரூராப் போய்ப் பொண்ணு பாக்கறான்னேன். மிச்சமிருந்த சட்னியத் தூக்கித் தொட்டியில ஊத்துனா. அன்னிக்குன்னு அவ்வளவு நல்லா அரைச்சிருந்தா. எனக்கு மனசே ஆறல.

எதுக்குங்களா? சட்னிக்குத்தானுங்க. வேற எதுக்கு?

அதுக்கப்பறம் ஒருநாள், "இனிமே யாரையும் வரச் சொல்லாதீங்கப்பா"ன்னா. பொண்ணுக அப்பிடித்தான் சொல்லும். நான் ஒண்ணும் மறுத்துப் பேசல, வர்றவங்கள வரச் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். அவளும் தட்டெடுத்துட்டு நடந்துக்கிட்டுத்தான் இருந்தா. தங்கமான கொணம்.

பொண்ணு எங்கன்னுதானுங்களே கேக்கறீங்க. ஓசூர்ல இருக்கறாளுங்க.

எந்திரிக்காதீங்க. எந்திரிக்காதீங்க, இந்த ஈடு இப்பத்தான் போட்டிருக்கறேன். அவ கம்பெனி அங்க ஒரு யூனிட் தொறந்துது, இவளுக்குப் பிரமோஷன் குடுத்து வரச் சொல்லிட்டாங்க. லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்கறா. பாதுகாப்பான எடமாம், ஆம்பளைக கேட்டைத் தாண்டக் கூடாதாம், பெத்த அப்பனா இருந்தாலும். அதனால நீங்க மெனக்கெட்டு வர வேண்டாம்ப்பான்னுட்டா. அவ்வளவு கட்டுப்பாடு. நான்தான் பஸ்ஸுக்குப் பஜ்ஜி போட்டுக் கட்டிக் குடுத்தேன். சேலம் தாண்டறதுக்குள்ள நமத்திருக்கும்.

அந்த நந்தகுமாரும் இங்க கடையக் காலி பண்ணிட்டு ஓசூர்ப் பக்கம்தான் போட்டிருக்கறானாம். கந்தப்பன் ஒருக்காச் சொன்னாரு, சொல்லிட்டு என் மொகத்தையே பாத்தாரு. நான் என்ன சொல்றதுக்கு இருக்குது? அங்க ஃபேக்டரி ஜாஸ்தி, மோட்டாரும் ஜாஸ்தியா எரியும். தொழில் தெரிஞ்ச பையன்தான், அதை நான் இல்லைங்கல.

பொண்ணு இல்லாத வீட்டுக்கு எதுக்கு வரச் சொன்னீங்கன்னு உங்க மனசுல இருக்குது. நியாயமான கேள்விங்க. அவ இன்னிக்கு வருவா நாளைக்கு வருவா. வந்தப்பறம் புதுசா ஆள் தேடுனா யாரு வருவாங்க? லைன் நிக்கக் கூடாதுங்க. அதுவுமில்லாம ஞாயித்துக்கிழமை சாயங்காலப் பொழுதுல என்னங்க பண்றது? ஒருத்தனுக்காக எண்ணெய் வெக்க முடியுங்களா? வாழைக்காய் ஒண்ணு சீவுனாலே தட்டு நெறைஞ்சிருது. ஒருக்கா வெச்சுப் பாத்தேன். எண்ணெய் காஞ்சுது, அடுப்ப நிறுத்திட்டேன்.

சட்னி எப்பிடிங்க? மெய்யாச் சொல்லுங்க. ஏதோ ஒண்ணு கொறையுதுங்கல்ல? எனக்கும் தெரியுது. இருங்க, அவளையே கேட்டுரலாம். கையெல்லாம் மாவா இருக்குது, அந்தப் போன எடுங்க, அம்மிணின்னு இருக்கும் பாருங்க, அதை அமுக்குங்க. ஸ்பீக்கர்ல போட்டு அந்த டப்பா மேல வெச்சிருங்க.

அம்மிணி, நான்தான்... ஆமா கண்ணு, எண்ணெய் வெச்சிருக்கறேன்... யாருமில்ல, பக்கத்து வீட்டுக்காரரு வந்திருக்கறாரு, சும்மா. நான் யாரை வரச் சொல்லப் போறேன்?... அதில்ல, சட்னிக்கு நீ என்ன போடுவ?... போன வாரம் சொன்னதுதான், மறந்து போச்சு, வயசாவுதுல்ல... தேங்காய், பொட்டுக்கடலை. ம். பச்ச மொளகா, மல்லித்தழை. ம். அப்பறம்?... துளி வெல்லமா! அதானே பாத்தேன்... யாரது அங்க பேசறது? ஹாஸ்டல்ல ஆம்பளச் சத்தம்?... ஓ, டிவியா. சரி சரி. சத்தத்தக் கொறைச்சு வெச்சுப் பாரு கண்ணு, காதுக்கு ஆகாது... நானா? சாப்ட்டேன் சாப்ட்டேன். வயிறு ரொம்பிக் கெடக்குது... சரி, வெச்சர்றேன்.

கேட்டீங்களா? டிவிதானுங்க. "அப்பா சாப்ட்டாரான்னு கேளு"ன்னு ஒரு ஆளு, கரகரன்னு. போன ஞாயித்துக்கிழமையும் அதே ஆளு அதையேதான் கேட்டான். அதுக்கு முந்தின வாரமும். நாடகக்காரங்களுக்கு வேற வசனமே எழுத வராது போல.

ஏனுங்க அப்பிடிப் பாக்கறீங்க?

அந்த டப்பாப் பக்கத்துல இருக்கறதுங்களா? ஆமாங்க, வெல்லந்தான் அது. தட்டித்தான் வெச்சிருக்கறேன். போட்டுத்தான் அரைச்சேன். அவ சொன்னதத்தனையும் போட்டுத்தான் அரைச்சேன். இருந்தாலும் வாரத்துக்கு ஒருக்காக் கேட்டுக்கறது நல்லதுல்லீங்களா?

நானா? இல்லீங்க, இன்னும் சாப்பிடல. போடறவன் எங்கிங்க சாப்பிடறது. அவகிட்டச் சாப்ட்டேன்னு சொன்னது, சும்மா அவ வருத்தப்படக் கூடாதுன்னு. அட, கரண்டிய எதுக்குங்க கேக்கறீங்க? வந்தவரு கையில கரண்டியக் குடுத்துட்டு நான் உக்காந்துக்கறதா? வேண்டாமுங்க, உக்காருங்க. பஸ்ஸு பொழுதுக்கும் இருக்குது. உங்க வீட்டுல சொல்லுங்க, வீடு வாசலெல்லாம் நல்லாருக்குது, பஜ்ஜி நல்லாருக்குதுன்னு. பொண்ணு வந்ததும் நானே கந்தப்பன்கிட்டச் சொல்லி விடறேன். எல்லாரும் வாங்க. கனமான சட்டி இருக்குது, எத்தன பேரு வந்தாலும் சூடாப் போடலாம்.

பாருங்க, குமிழி அடங்கிருச்சு. இப்ப எடுக்கணும், இதான் பதம். அம்மிணி, அடுத்த...

பழக்கமுங்க.

நீங்களே அந்தத் தட்ட இப்பிடி நீட்டுங்க.